கோட்கரின் கூதிர்காலம்: ஸ்டோக்ஸ் தம்பதியும் ஒரு மலைக்கிராமத்தின் ஆப்பிள் அறுவடையும்

ஆவணி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுத் தள்ளுவண்டிகளில் ‘சிம்லா ஆப்பிள்’ என்ற குரல் கேட்கத் தொடங்கும். அந்தப் பழம் சிம்லா நகரத்துப் பழம் அல்ல. நகரத்திலிருந்து பழைய இந்துஸ்தான்–திபெத் சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போய், நார்கண்டாவைத் தாண்டி இறங்கினால் கோட்கர், தானேதார் என்று அடுத்தடுத்துக் கிராமங்கள் வரும். கீழே ஆழத்தில் சட்லெஜ் ஆறு ஓடும். மேலே தேவதாருக் காடு. நாம் சிம்லா ஆப்பிள் என்று வாங்கும் சிவப்புப் பழத்தின் இந்தியக் கதை இந்தச் சரிவில், 1916-ல், ஒரு தம்பதியின் நிலத்தில் தொடங்கியது. கணவர் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ், கிறிஸ்தவ ஊழியராக இந்தியா வந்த அமெரிக்கர். மனைவி ஆக்னஸ், அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்.

இமயமலையில் ஆப்பிள் நட்ட முதல் வெள்ளைக்காரர் ஸ்டோக்ஸ் அல்லர். குலுப் பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் கேப்டன் ஆர். சி. லீ 1870 வாக்கிலேயே தோட்டம் போட்டுவிட்டார். சிம்லாவை ஒட்டிய மஷோப்ராவில் அலெக்சாண்டர் கூட்ஸ் 1887-ல் போட்டார். அந்தத் தோட்டங்கள் துரைமார் தோட்டங்களாகவே நின்றன. கோட்கரில் மட்டும் ஆப்பிள் வேலி தாண்டிக் குடியானவர் நிலத்துக்குப் போனது. ஏன் அங்கே மட்டும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. நல்ல நாற்று வந்தது ஒரு காரணம்தான். நாற்றைக் கொண்டு வந்தவர்கள் அதே ஊரில் குடும்பமாகத் தங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையான வேலையை அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்தார்கள் என்பதே பெரிய காரணம் என்று கருதுகிறோம். ஆப்பிளில் விளைச்சலை வசந்தம் கொடுக்கும். விலையை, மழை ஓய்ந்து இலை உதிரும் கூதிர்காலம்தான் தீர்மானிக்கும்.

வந்தவரும் தங்கியதும்

ஸ்டோக்ஸ் 1882-ல் பிலடெல்பியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1904-ல் இந்தியா வந்து, சிம்லா மலையடிவாரத்தில் சபாத்து என்ற ஊரில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் சேவை செய்தார். 1905 ஏப்ரலில் காங்க்ரா நிலநடுக்கம் வந்தபோது நிவாரணப் பணிக்குப் போனார். உடல்நலம் கெட்டு ஓய்வுக்காகக் கோட்கர் மிஷன் வீட்டுக்கு அனுப்பப்பட்டதில்தான் இந்த ஊரோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. சில ஆண்டுகள் உடைமை எதுவும் இல்லாத துறவிபோல வாழ்ந்து, அப்படி வாழ்பவர்களுக்கென ஒரு சகோதர அமைப்பையும் தொடங்கினார். கிறிஸ்தவத் துறவியான சாது சுந்தர் சிங் அவரோடு திரிந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு அந்த வழியை விட்டு விலகி, 1912 செப்டம்பரில் ஆக்னசை மணந்தார். கூதிர்காலத்தின் வாசலில் நடந்த திருமணம்.

துறவியை ஊர் மதித்தது, வணங்கியது. ஆனால் துறவிக்கு நிலமும் இல்லை, கடனும் இல்லை, பிள்ளைகளின் பசியும் இல்லை. அவர் என்ன சொன்னாலும் குடியானவருக்கு அது வேறு உலகத்துப் பேச்சு. மணம் முடித்து, பாரோபாக் என்ற இடத்தில் ஏறக்குறைய 200 ஏக்கர் பழைய தேயிலைத் தோட்டத்தை வாங்கி, கல்லும் தேவதாருக் கட்டையும் கொண்டு ஹார்மனி ஹால் என்ற வீட்டைக் கட்டிக் குடியேறியபின் அந்த இடைவெளி குறைந்தது. ஆக்னஸ் வழியாக ஸ்டோக்ஸ் அந்த மலையின் உறவு வலைக்குள் வந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தார்கள். தாரா என்ற மகன் சிறுவயதிலேயே இறந்தான். அவன் பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுந்தது. அந்நியர் என்ற பெயர் இப்படித்தான் மெல்ல உதிர்ந்தது.

ஐப்பசியில் துடைத்த வானம்

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. கோட்கரில் ஐப்பசி என்றால் துடைத்துவிட்ட வானம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சரிவையே மூடிக்கிடந்த மூட்டம் செப்டம்பர் நடுவில் விலகும். அதுவரை கண்ணில் படாத பனிமலை வரிசை வடக்கே ஒரு காலைப்பொழுதில் வந்து நிற்கும். வெயிலில் சூடு இருக்கும், நிழலில் குளிர் இருக்கும். அந்த ஊர் மனிதர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இந்தப் பத்து வாரத்துக்குத்தான். அழகும் வேலையும் ஒன்றாகவே வருகின்றன.

கற்பலகைக் கூரைமேல் மக்காச்சோளக் கதிர் மஞ்சளாகக் காயும். பக்கத்தில் மிளகாய். வயல் ஓரத்தில் கருஞ்சிவப்புத் தண்டுக்கீரைக் கதிர் தலைசாய்க்கும். அதன் விதை குளிர்காலச் சாப்பாட்டுக்கு. ராஜ்மா கொடியோடு பிடுங்கி அடிக்கப்படும். அக்ரூட் கொட்டையின் பச்சைத் தோலை உரிப்பவர் விரல்கள் இரண்டு வாரத்துக்குக் கறுத்தே இருக்கும். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் அக்ரூட்டையோ கசகசாவையோ அரைத்து வைத்து ஆவியில் வேகவைக்கும் ‘சித்து’, உருக்கிய நெய்யோடு பரிமாறப்படும் காலம் இது.

இதற்கு நடுவில் தள்ளிப்போட முடியாத ஒரு வேலை உண்டு: புல் அறுப்பு. ‘காஸ்னி’ என்று சொல்லும் புல் சரிவுகள் மழைக்காலம் முழுவதும் மேய்ச்சலுக்கு விடப்படாமல் காக்கப்பட்டிருக்கும். மழை நின்றதும் அறுத்து, அங்கேயே உலர்த்தி, முதுகில் சுமந்து வந்து போர் போட வேண்டும். பனி விழுந்தபின் மாட்டுக்கு வேறு தீவனம் கிடையாது. சீக்கிரம் அறுத்தால் பின்மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்கும். தாமதித்தால் தண்டு முற்றி மாடு தொடாது. ஆப்பிள் பழுக்கும் அதே வாரங்களில் புல்லும் ஆள் கேட்கும். இந்த மோதலைத் தெரியாதவர் அங்கே தோட்டம் போட்டுப் பிழைத்ததில்லை. புல்லைக் கைவிட்டுப் பழத்தைப் பறித்தால் மாடு போகும். மாடு போனால் எரு போகும். எரு இல்லாத சரிவில் மரம் பத்து ஆண்டில் இளைத்துவிடும்.

1916-ல் நட்டது

லீ, கூட்ஸ் காலத்துத் தோட்டங்களில் இருந்தவை பெரும்பாலும் ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்ற ரகங்கள்: காக்ஸ் ஆரஞ்சு பிப்பின், கிங் ஆஃப் பிப்பின்ஸ், நியூட்டன் போன்றவை. புளிப்பும் துவர்ப்பும் கலந்தவை. சமவெளிச் சந்தையில் மாம்பழமும் சப்போட்டாவும் தின்று பழகிய நாக்குக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டோக்ஸ் தேர்ந்தெடுத்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்து வந்த ரகம். மிசௌரியின் ஸ்டார்க் சகோதரர்கள் நாற்றுப்பண்ணை அதன் உரிமையை வாங்கி ‘டெலிசியஸ்’ என்று பெயரிட்டு விற்றுவந்தது. பழத்தின் அடிப்பக்கம் ஐந்து மேடாகப் பிரிந்திருக்கும். நிறம் சிவப்பு, புளிப்பு மிகக் குறைவு, இனிப்பு தூக்கல். 1916-ல் அந்த நாற்றுகள் பாரோபாகில் நடப்பட்டன. 1921-ல் ஸ்டோக்சின் தாயார் கிறிஸ்துமஸ் பரிசாக கோல்டன் டெலிசியஸ் நாற்றுகளை அனுப்பினார்.

அந்தப் பரிசு தோட்டத்துக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். டெலிசியஸ் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒரே ரகத்தை ஆயிரம் மரம் நட்டாலும் பூத்துக் கொட்டும், காய் நிற்காது. கூடவே பூக்கும் வேறு ரகம் அருகில் இருக்க வேண்டும், தேனீ இருக்க வேண்டும். மஞ்சள் பழம் தரும் கோல்டன் டெலிசியஸ் இதற்கு மிகப் பொருத்தமான துணை மரம். இன்றைய பரிந்துரை, மூன்று அல்லது நான்கு மரத்துக்கு ஒன்று துணை மரமாக இருக்க வேண்டும் என்பது. மஞ்சள் பழத்துக்குச் சந்தையில் விலை குறைவு என்று அந்த மரங்களை வெட்டிவிட்டு முழுக்கச் சிவப்பு நட்டவர்கள், பிறகு ஏப்ரலில் துணை ரகத்தின் பூங்கிளைகளை வெட்டி வந்து தண்ணீர் பாட்டிலில் செருகி மரத்துக்கு மரம் தொங்கவிடுகிறார்கள். வாடகைக்குத் தேனீப்பெட்டி வாங்குகிறார்கள்.

இன்னொரு பொருத்தம் குளிர். டெலிசியஸ் மொட்டு விழிக்க வேண்டுமானால் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 1,000 மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருக்க வேண்டும். கோட்கரின் உயரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் குளிர் கிடைத்தது. கொடைக்கானல் மலையில் இதே ரகம் ஏன் செழிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு விடையும் இதுதான். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்கள்தான் நிற்கும்.

ஊர் உடனே நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. விதையிலிருந்து வந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேராக அமையும் அடிச்செடியில்) ஒட்டிய ஆப்பிள் மரம் காய்க்க எட்டு ஆண்டு ஆகும். கோதுமையும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுச் சாப்பிடும் குடும்பம் எட்டு ஆண்டு நிலத்தைச் சும்மா விட முடியாது. ஸ்டோக்ஸ் முதலில் சொந்த நிலத்தில் நட்டு, மரம் வளர்வதை ஊர் கண்ணாலேயே பார்க்கும்படி விட்டார். ஒட்டு நாற்றுகளை அண்டை விவசாயிகளுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். மரங்களுக்கு இடையே 6 மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டியிருப்பதால், முதல் ஆண்டுகளில் நடுவே பயறோ பட்டாணியோ போட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாடுதான் சிறு விவசாயியைத் தாங்கியது. முதல் டெலிசியஸ் பழங்கள் சந்தைக்குப் போனது 1926-ல். நட்டதிலிருந்து பத்து ஆண்டு.

இந்தப் பத்து ஆண்டுக்கு நடுவே நடந்த இன்னொன்றையும் பழக்கதையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மலைச்சாலையில் பயணம் செய்யும் அதிகாரிகளின் மூட்டைகளை ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும் என்ற ‘பேகார்’ கட்டாய வேலை அன்று இருந்தது. சிம்லா அன்று ஆங்கிலேய ஆட்சியின் கோடைத் தலைநகரம். அதிகாரிகள் அதிகம் நடமாடும் மாதங்கள்தான் குடியானவனின் விதைப்பும் அறுவடையும். அறுவடை நாளில் வீட்டு ஆண் சுமைக்குப் போனால் புல் நனையும், பழம் உதிரும். ஸ்டோக்ஸ் ஊராரோடு சேர்ந்து இதை எதிர்த்துப் போராடி 1921-ல் அந்தப் பகுதியில் பேகாருக்கு முடிவு கண்டார். அவர் நண்பரும் காந்தியின் நண்பருமான ஆங்கிலேயப் பாதிரியார் சி. எப். ஆண்ட்ரூஸ் துணை நின்றார். அதே ஆண்டு டிசம்பரில், ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டதற்காக ஸ்டோக்ஸ் கைதாகி ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நட்டு ஐந்து ஆண்டான மரங்களுக்குக் கவாத்து செய்து வடிவம் கொடுக்க வேண்டிய குளிர்காலம் அது. வீடு, குழந்தைகள், தோட்டம் எல்லாம் ஆக்னஸ் பொறுப்பில் இருந்தன. கோட்கர் ஆப்பிளைப் பற்றிப் பேசுபவர்கள் ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

பறிக்கும் நாள்

கோட்கர் உயரத்தில் மரம் ஏப்ரலில் பூக்கும். முழுப்பூ விரிந்த நாளிலிருந்து எண்ணினால் டெலிசியஸ் வகைகள் 130 முதல் 140 நாளில் தயாராகும். அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. மேலே போகப் போக இன்னும் தள்ளும். நாள் கணக்கு வழிகாட்டத்தான். உறுதி செய்ய நான்கு சோதனைகள் உண்டு: விதை பழுப்பாக வேண்டும், சிவப்புக்கு அடியில் இருக்கும் பச்சைத் தோல் வெளிர் மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும், சதையின் உறுதியை அளக்கும் அழுத்தமானி 16 முதல் 18 பவுண்டு காட்ட வேண்டும், அயோடின் சோதனை சரியாக வர வேண்டும்.

அயோடின் சோதனை எளிது, செலவும் குறைவு. 30 மில்லி வெதுவெதுப்பான நீரில் 8.8 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, அதில் 2.2 கிராம் அயோடினைப் போட்டு முழுவதும் கரைந்தபின் நீர் ஊற்றி 1 லிட்டராக்க வேண்டும். வரிசையை மாற்றினால் அயோடின் கரையாமல் அடியில் தங்கும். கரைசல் வெளிச்சம் பட்டால் கெடும், கருத்த பாட்டிலில் வைக்க வேண்டும். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு நிமிடம் நனைத்து எடுத்தால் மாவுச்சத்து இருக்கும் இடம் நீலக்கறுப்பாகும். முழுக்கக் கறுத்தால் பழம் இன்னும் காய்தான். நடுப்பகுதி வெளுத்துச் சதை கறுத்திருந்தால் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கலாம். பெரும்பகுதி வெளுத்துவிட்டால் உடனே விற்றுவிட வேண்டும். பத்துப் பழமாவது பார்க்க வேண்டும். வெயில்பக்கக் கிளையிலிருந்து மட்டும் எடுத்தால் முடிவு தவறும். நனைத்த பழம் நஞ்சு; மாட்டுக்கும் போடக்கூடாது, புதைத்துவிட வேண்டும்.

பறிப்பதில் கைப்பழக்கம்தான் எல்லாம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கியபடி லேசாகத் திருப்பினால் காம்போடு கழன்று வரும். கீழே இழுத்தால் காம்பு உடையும், அல்லது பழம் காய்க்கும் குட்டைக் கிளையே பிய்ந்து வரும். அந்தக் குட்டைக் கிளையில்தான் அடுத்த ஆண்டின் மொட்டு இருக்கிறது. காம்பு போன பழத்தில் குழி வழியாக அழுகல் நுழையும். பனித்துளி உலர்ந்தபின் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்த வேண்டும். ஒரே நாளில் மரத்தை மொட்டையடிக்காமல் மூன்று நான்கு முறையாகப் பறித்தால், விட்டுவைத்த பழம் பருத்து நிறமேறும். பறித்தது முதுகுக் கூடையான ‘கில்ட்டா’வில் சேரும். மூங்கில் பின்னல் பழத்தைக் கீறாமல் இருக்க உள்ளே கோணி தைத்திருக்க வேண்டும்.

பறிப்புக்கு முன்பே உதிர்வது இந்த ரகத்தின் பிறவிக்குணம். உதிர்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு என்ஏஏ என்ற பயிர் வளர்ச்சி ஊக்கி மருந்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் தெளித்தால் காம்பு பிடித்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசலென்றால் 200 லிட்டர் டிரம்முக்கு 45 மில்லி. உதிர ஆரம்பித்தபின் தெளித்தால் பயன் இல்லை. அளவைக் கூட்டினாலோ, பழத்தை மரத்தில் இன்னும் நெடுநாள் நிறுத்தினாலோ சதை மாவாகிவிடும். இதைவிடப் பெரிய கெடுதல், முதல் சந்தை விலைக்கு ஆசைப்பட்டு எத்தெபான் என்ற பழுக்கவைக்கும் மருந்தைத் தெளித்து நிறமேற்றுவது. பழம் சிவக்கும், உள்ளே மென்மையாகி, தென்னிந்தியா வந்து சேரும்போது கடித்தால் நொறுங்காமல் மாவுபோல் கரையும். ‘சிம்லா ஆப்பிள் மாவாக இருக்கிறது’ என்று நம் ஊரில் சொல்வதில் பாதிக்குக் காரணம் இது. மீதிப் பாதிக்குக் காரணம் தாமதமும் லாரிச் சூடும்.

பெட்டி

பறித்த பழத்தை உடனே பெட்டியில் அடைக்கக் கூடாது. நிழலில் காய்ந்த புல் பரப்பி, ஓர் இரவு குளிரவிட வேண்டும். வயல் சூட்டோடு அடைத்தால் பெட்டிக்குள் வியர்த்து, காகிதம் நனைந்து, நாலாம் நாள் புள்ளி விழும். அடுத்தது தரம்பிரிப்பு. ஆலங்கட்டி வடு, கரும்புள்ளி, வெயில் சுட்டது எல்லாம் ஒதுக்கியபின் அளவு பிரிப்பார்கள். 20 கிலோப் பெட்டியில் எக்ஸ்ட்ரா லார்ஜ் 80 பழம், லார்ஜ் 100, மீடியம் 125, ஸ்மால் 150, எக்ஸ்ட்ரா ஸ்மால் 175, அதற்கும் கீழே ‘பிட்டு’. இன்று பெரிய தோட்டங்களில் இதற்கு எந்திரம் இருக்கிறது. பல தலைமுறையாக இதைச் செய்தவை கைகளும் கண்களும்தான். பழத்தைக் கையில் எடுத்ததும் அளவு சொல்லும் பெண்கள் இப்போதும் அங்கே உண்டு.

1920-களில் பெட்டி கோட்கரை விட்டு வெளியேறுவதே பெரும்பாடு. மோட்டார் சாலை இல்லை. கோவேறு கழுதையிலும் மனித முதுகிலும் சிம்லா போய், அங்கிருந்து 1903-ல் திறந்த கல்கா–சிம்லா சிற்றகல ரயிலில் சமவெளிக்கு இறங்க வேண்டும். விலங்கின் நடைக்குப் பெட்டி குலுங்கும்; அடியில் இருக்கும் பழம் நசுங்கும். அதனால்தான் ஒவ்வொரு பழத்துக்கும் காகிதம் சுற்றி, அடுக்குக்கு அடுக்கு காய்ந்த புல் திணித்து, மேல்பலகையைச் சற்று அழுத்தி ஆணி அடிக்கும் வழக்கம் வந்தது. பழம் அசையக்கூடாது, நசுங்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இறுக்கத்தைக் கைதான் அறியும்.

மரப்பெட்டிக்குப் பலகை தந்தவை அந்த மலையின் பிர், ஸ்ப்ரூஸ் மரங்கள். ஆப்பிள் பெருகப் பெருகக் காடு கரைந்தது. 1980-களில் அட்டைப்பெட்டிக்கு மாறினார்கள். ஒன்றின்மேல் ஒன்று கவிழும் இரண்டு பாகமான அந்தப் பெட்டியை மேலே இழுத்து உயர்த்திக்கொண்டே போகலாம். பெட்டிக்கு இவ்வளவு என்று விலை பேசும் சந்தையில் 20 கிலோப் பெட்டிக்குள் 30 கிலோ போனது. கூடுதல் பழம் விவசாயிக்குக் காசில்லாமல் கைமாறியது. இந்தக் குறையை வெகுகாலம் எல்லாரும் அறிந்திருந்தும் சகித்தார்கள். 2024-ல்தான் உயரம் மாற்ற முடியாத ஒரே அளவுப் பெட்டியை ஹிமாசல் அரசு கட்டாயமாக்கியது.

இலை உதிரும்போது

பழம் போனதும் தோட்டக்காரர் கால்நீட்டி உட்காரலாம் என்று நினைப்பது பெரிய தவறு. அடுத்த ஆண்டின் ஆப்பிளைத் தீர்மானிப்பது அக்டோபர் இறுதியும் நவம்பரும்.

ஸ்காப் எனும் கரும்புள்ளி நோயின் பூஞ்சை, உதிர்ந்த இலைக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்த மழையில் வித்துகளை வீசும். 1983-ல் இந்த நோய் ஹிமாசல் தோட்டங்களைச் சூறையாடியது. ஒரே ரகம் மலை முழுவதும் பரவியிருந்ததால் தப்பிக்க இடமில்லை. தற்காப்பு மிக எளியது: இலை மஞ்சளாகி உதிரத் தயாராகும் நேரத்தில் 5 சதவீத யூரியா, அதாவது 200 லிட்டர் டிரம்முக்கு 10 கிலோ. இலையிலும் தரையில் கிடக்கும் சருகிலும் நனையத் தெளிக்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறிய சருகை நுண்ணுயிர்களும் மண்புழுவும் வேகமாகத் தின்றுவிடும். பூஞ்சைக்குத் தங்க வீடு இருக்காது. பச்சையாக இருக்கும்போதே தெளித்தால் இலை கருகி, மரம் உறங்குவதற்கு முன் சேமிக்க வேண்டிய உணவு போய்விடும். தாமதித்தால் சருகு காற்றில் பறந்து கல்சுவர் இடுக்குகளில் ஒதுங்கிவிடும், மருந்து எட்டாது. சரியான பொழுது பத்து நாள்கூட இருக்காது.

பிறகு மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி. டிசம்பர், ஜனவரியில் காய்க்கும் மரம் ஒன்றுக்கு நன்றாக மக்கிய தொழுஎரு 100 கிலோ. அதோடு மரத்தின் வயதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 70 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்ற கணக்கில்; பத்து வயதுக்குமேல் 350, 700 கிராம் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தழைச்சத்து 700 கிராமை இப்போது போடாமல் வசந்தத்தில் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள்; குளிரில் போட்டால் பனிநீரோடு சரிவில் இறங்கிவிடும். புதியவர்கள் செய்யும் பிழை, எருவை அடிமரத்தோடு குவிப்பது. ஒட்டு போட்ட இடம் மண்ணுக்குள் போனால் ஈரம் தங்கிக் கழுத்தழுகல் பிடிக்கும். எலியும் பட்டையைக் கொறிக்கும். அடிமரத்திலிருந்து ஓர் அடி விட்டு வளையமாகப் போட வேண்டும். செப்டம்பரில் அறுத்த புல் மாட்டு வயிற்றின் வழியாக இந்த இடத்துக்கு வந்து சேருகிறது.

நூறாண்டுக்குப் பின்

ஸ்டோக்ஸ் 1932-ல் இந்து சமயத்தைத் தழுவி சத்தியானந்தர் ஆனார். ஆக்னஸ் பிரியதேவி ஆனார். ஊழியம் செய்ய வந்தவர் ஊரின் வழிபாட்டுக்குள்ளேயே கரைந்தது பலருக்கு அன்று புரியவில்லை. இருபது ஆண்டு அந்த வீட்டின் விருந்துகளையும் இழவுகளையும் பார்த்திருந்த ஊருக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. 1937-ல் தானேதாரில் எழுப்பிய பரமஜோதி மந்திரில் உபநிடத வரிகள் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1946 மே மாதம், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பு அவர் இறந்தார். இன்று ஹிமாசலில் ஆப்பிள் 1 லட்சம் ஹெக்டேருக்குமேல் நிற்கிறது. அதில் பெரும்பங்கு டெலிசியஸ் வழிவந்த ரகங்கள்தான்.

ஒரே ரகத்தின்மேல் ஒரு மாநிலமே சாய்ந்து நிற்பது ஆபத்து. 1983 அதைக் காட்டிவிட்டது. மார்சொனினா என்ற பூஞ்சையின் இலைப்புள்ளி நோய் வந்து ஆகஸ்டிலேயே மரம் இலையுதிர்த்து நிற்கும் ஆண்டுகளும் வருகின்றன. அப்படி உதிர்ந்தால் பழம் நிறமேறாது, மொட்டும் உருவாகாது. குளிர் குறைந்ததால் தாழ்ந்த சரிவுகளில் பூப்பு தாறுமாறாகி, ஆப்பிள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் எம்9 போன்ற வேர்ச்செடி ரகத்தில் ஒட்டி, 1 மீட்டர் இடைவெளியில் கம்பி கட்டி நடும் புதுமுறை மூன்றாம் ஆண்டிலேயே காய் தருகிறது. ஆனால் அதற்குச் சொட்டுநீர் வேண்டும், தாங்குகம்பி வேண்டும், முதலீடு வேண்டும். வேர் மேலாக ஓடுவதால் வறண்ட சரிவில் முதல் கோடையிலேயே வாடும். நீர் இல்லாத சிறு விவசாயிக்கு விதை வேர்ச்செடியே இன்னும் ஏற்றது என்பது எங்கள் கருத்து.

அந்த வேர்ச்செடியின் வேலையும் கூதிர்காலத்தில்தான் தொடங்குகிறது. காட்டு ஆப்பிள் மரத்தடியில் விழுந்த குட்டிப் பழங்களைப் பொறுக்கி, நசுக்கி, விதையை அலசி எடுப்பார்கள். நீரில் மிதப்பதை எறிந்துவிட்டு மூழ்கியதை மட்டும் எடுத்து, ஈர மணலோடு அடுக்கடுக்காகப் பெட்டியில் வைத்து, 2 முதல் 5 டிகிரி குளிரில் 60 முதல் 90 நாள் விட வேண்டும். மணல் காய்ந்தால் விதை விழிக்காது. தண்ணீர் தேங்கினால் அழுகும். மூடியில்லாவிட்டால் எலிக்கு விருந்து. மார்ச்சில் முளை வெளுப்பாக எட்டிப் பார்க்கும்போது நாற்றங்காலில் விதைப்பார்கள். பென்சில் தடிமன் வந்தபின், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நாக்கு ஒட்டு. அதற்கடுத்த குளிரில் அந்த நாற்று, வேரில் மண்ணில்லாமல் ஈரப்பாசி சுற்றி, ஒருவர் கில்ட்டாவில் ஏறி வேறொருவர் நிலத்துக்குப் போகும்.